ஈர நெல்லும் இரண்டு நாள் கெடுவும்: ஒரு பிபெல் செயல்முறையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். உறுப்பினர்களிடம் நெல் வாங்கி, காயவைத்து, தரம் பார்த்து, வெளியூரில் இருக்கும் பெரிய கொள்முதல் நிறுவனம் ஒன்றுக்கு லாரியில் ஏற்றி அனுப்புவது அவர்கள் தொழில். அந்த இரண்டு பக்கத்துக் கணினிகளையும் பேசவைக்கும் வேலை, கும்பகோணத்தில் நாங்கள் மூன்று பேர் நடத்திய சின்ன மென்பொருள் அலுவலகத்துக்கு வந்தது. இங்கே யார் பெயரும் இல்லை. ஆண்டையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அதே களத்தில்தான் வேலை பார்க்கிறார்கள்.

கொள்முதல் நிறுவனத்தின் பக்கம் எல்லாமே சோப் என்ற செய்தி முறை வழியாகக் கணினியைக் கணினி கூப்பிடும் வெப் சர்வீஸ்கள். லாரி பதிவு ஒன்று, சரக்கு ஒதுக்கீடு ஒன்று, விலை கேட்பது ஒன்று. ஒவ்வொன்றையும் எப்படிக் கூப்பிடுவது என்று சொல்லும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பு ஒன்று அனுப்பினார்கள். கூடவே, மற்ற ஊர்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பிபெல் செயல்முறை ஒன்றையும் மாதிரியாகக் கொடுத்து, "இதையே உங்கள் ஊருக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார்கள்.

பிபெல் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். வெப் சர்வீஸ் என்பது ஒரு வேலைதான் செய்யும்: விலை சொல், பணம் போடு, லாரி ஒதுக்கு. எதை முதலில் கூப்பிடுவது, யார் பதிலுக்குக் காத்திருப்பது, பாதியில் நின்றுபோனால் செய்ததை எப்படித் திருப்புவது என்பதை எழுத ஒரு மொழி வேண்டும். ஐபிஎம் டபிள்யூஎஸ்எஃப்எல் என்று ஒன்றும், மைக்ரோசாஃப்ட் எக்ஸ்லாங் என்று ஒன்றும் வைத்திருந்தன. 2002-ல் இரண்டையும் சேர்த்துப் பிபெல் வந்தது. தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஒயாசிஸ் அமைப்பு 2007 ஏப்ரலில் அதன் 2.0 பதிப்பைத் தரமாக ஏற்றது. எழுதுவது முழுக்க எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு வடிவில். ரிசீவ் என்றால் செய்தி வரும்வரை காத்திரு. இன்வோக் என்றால் கூப்பிடு. பிக் என்றால் செய்தியோ கெடுவோ, எது முதலில் வருகிறதோ அதன் வழியே போ. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டாலே கீழே வருவது புரியும்.

முதல் வடிவம்

அலுவலகத்தில் உட்கார்ந்து, நிறுவனத்தின் மேலாளரிடம் கேட்டு எழுதிக்கொண்டோம். வண்டி எடை மேடையில் ஏறும். எடைச் சீட்டு வெளியே வரும்போதே உறுப்பினரின் வங்கிக் கணக்குக்கு முன்பணம் போகும். அடுத்து லாரியில் இடம் பதிவு, சரக்கு ஒதுக்கீடு. பிறகு ஆய்வகத்திலிருந்து ஈரப்பதம் வரவேண்டும். அரசுக் கொள்முதலில் இருக்கும் 17 சதவீத வரம்பையே இவர்களும் வைத்திருந்தார்கள். வரம்புக்குள் இருந்தால் விலை போட்டு மீதிப் பணம். தாண்டியிருந்தால் "காயவைக்கவும்" என்று ஒரு பதில், அத்தோடு அந்த வழி முடிந்தது.

ஆய்வக முடிவுக்குக் காத்திருக்கும் பிக்கில் இரண்டு நாள் கெடு. மாதிரியில் அப்படித்தான் இருந்தது. லாரிப் பதிவு 48 மணி நேரம்தான் செல்லும் என்பது அதற்குக் காரணம். கோப்பில் அந்தக் கெடு பி, 2, டி என்று மூன்றே எழுத்து. யாரும் அதைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை.

இன்னொன்றையும் பேசாமல் விட்டோம். பிபெலில் ஒரே செயல்முறை நூற்றுக்கணக்கில் ஓடும். ஒவ்வொரு லோடுக்கும் தனியாக ஓடும் ஒரு பிரதி, அதாவது ஒரு இன்ஸ்டன்ஸ். வெளியிலிருந்து வரும் செய்தி அதில் எதற்குச் சேரவேண்டும் என்பதை கோரிலேஷன் செட் என்ற அடையாளத்தைப் பார்த்து, செயல்முறையை ஓட்டும் மென்பொருளான எஞ்சின் முடிவுசெய்யும். நாங்கள் உறுப்பினர் எண்ணையும் தேதியையும் சேர்த்து அடையாளமாக வைத்தோம். "ஒரு ஆளு ஒரு நாளைக்கு ஒரு லோடுக்கு மேல கொண்டாரமாட்டாங்க" என்றார் மேலாளர். கையால் அறுத்துக் களத்தில் அடித்த காலத்துக்கு அது சரி. இப்போது பெல்ட் அறுவடை மிஷின் இறங்கினால் ஒரு பொழுதில் வயல் காலி. டிராக்டர் இரண்டு நடை வரும்.

தை மாதம், செவ்வாய்க்கிழமை

சம்பா அறுவடை உச்சத்தில் இருந்தது. அறுபது வயதை ஒட்டிய ஒரு பெண் உறுப்பினர் அன்று இரண்டு லோடு கொண்டுவந்தார். முதலாவது மேட்டு வயல் நெல். இரண்டாவது வாய்க்காலை ஒட்டிய பள்ளத்து வயல். முதல் லோடு களத்தின் உள்பக்கம் கொட்டப்பட்டது, இரண்டாவது வாசலோரம். ஆய்வக உதவியாளர் வாசலோரக் குவியலில்தான் முதலில் மாதிரி எடுத்தார். 21 சதவீதம். அப்புறம் உள்ளே இருந்தது, 16.4.

இரண்டு இன்ஸ்டன்ஸுக்கும் ஒரே அடையாளம். முதலில் வந்த 21-ஐ, முதலில் காத்துக்கொண்டிருந்த மேட்டு வயல் லோடுக்கு எஞ்சின் கொடுத்துவிட்டது. 16.4 பள்ளத்து லோடுக்குப் போனது. காய்ந்த நெல்லுக்கு "காயவைக்கவும்", ஈர நெல்லுக்கு "ஏற்கப்பட்டது".

களப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். வாசலோரக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினார்.

"தம்பி, கையில ஒட்டுது பாருங்க. இதையா உங்க மிஷின் காஞ்சதுன்னு சொல்லுது?"

உள்ளங்கையில் நெல் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் எஞ்சின் பதிவைப் பார்த்தோம். பிழை எதுவும் இல்லை. ஆகவே, மாதிரிப் பைகளை ஆய்வகத்தில் மாற்றிவைத்திருப்பார்கள் என்று முடிவுகட்டி, அப்படியே மேலாளருக்கு மின்னஞ்சலும் எழுதினோம். இந்த நிகழ்வில் நாங்கள் செய்த முதல் பெரிய தவறு அது. பிழைப் பதிவு காலியாக இருந்தால் நம் பக்கம் சுத்தம் என்று நினைக்கும் பழக்கம் எங்களுக்கு இருந்தது.

வெள்ளி, சனி

வியாழன் இரவே மேகம் கூடிவிட்டது. வெள்ளிக்கிழமை விடியும் முன்பே மழை. களம் முழுக்கக் குவியல்கள்மேல் படுதா போட்டு, ஓரத்துக்குச் செங்கலும் மூட்டையும் வைத்து அழுத்தியிருந்தார்கள். படுதாவைத் திறந்தால்தானே மாதிரி எடுக்க முடியும்? ஆய்வகம் சும்மா இருந்தது. கணினிக்கு மட்டும் மழை தெரியாது. கெடு ஓடிக்கொண்டே இருந்தது.

வெள்ளி மாலையிலிருந்து ஒவ்வொன்றாக இரண்டு நாள் முடிந்தது. பிக் கெடு வழியே போனது, அது தவறு நேர்ந்ததென்று ஒரு ஃபால்ட்டை எழுப்பியது, ஃபால்ட் வந்ததும் ஈடுசெய்யும் பகுதிகள் ஓடின. பிபெலில் சில வேலைகளை ஒன்றாகக் கட்டிவைப்பது ஸ்கோப். முடிந்துபோன ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் 'இதைத் திருப்புவது எப்படி' என்று ஒரு பகுதி எழுதிவைக்கலாம். தவறு நேர்ந்தால், கடைசியில் முடிந்ததிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி அவை ஓடும். நீண்ட நேரம் நடக்கும் பரிவர்த்தனையைப் பூட்டிவைக்காமல் இப்படிப் பின்னோக்கி ஈடுசெய்யும் யோசனை பழையது; 1987-லேயே தரவுத்தள ஆய்வில் சாகா என்ற பெயரில் வந்துவிட்டது. நல்ல யோசனைதான். எங்கள் செயல்முறையிலும் எழுதியபடியே நடந்தது: சரக்கு ஒதுக்கீடு ரத்து, லாரிப் பதிவு ரத்து, கடைசியாக முன்பணம்.

வங்கியில் போட்ட பணத்தை நாம் திரும்ப எடுக்க முடியாது. அதனால் முன்பணத்தின் ஈடுசெய்யும் பகுதியில், உறுப்பினர் பேரேட்டில் அந்தத் தொகையைக் கடனாக எழுதி ஒரு குறுஞ்செய்தி அனுப்பும்படி வைத்திருந்தோம். எழுதும்போது அது கணக்கு வழக்காக மட்டும்தான் தெரிந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அலுவலக வாசலில் ஐம்பது பேருக்கு மேல் நின்றார்கள். செவ்வாய்க்கிழமை இரண்டு லோடு கொண்டுவந்த அந்த அம்மாவும் அதில் ஒருவர். புதன்கிழமை இன்னொரு லோடு இறக்கியிருந்தார். மருமகள் செய்தியைப் படித்துச் சொல்லியிருக்கிறாள்.

"நெல்லு உங்க களத்துல கெடக்கு. கடன் எம் பேர்லயா?"

பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. திரையில் பார்த்தால் கெடு முடிந்த 37 இன்ஸ்டன்ஸும் பச்சை நிறத்தில் "முடிந்தது" என்று இருந்தன. எதுவும் உடையவில்லை, எதுவும் தொங்கவில்லை.

அன்றைக்கு எடுத்த முடிவுகள்

முதலில் குறுஞ்செய்தி இணைப்பைத் துண்டித்தோம். அடுத்து எஞ்சினையே நிறுத்தலாமா என்று பேச்சு வந்தது. மழைக்கு முன்பே ஏற்பு முடிந்து, மீதிப் பணத்துக்குக் காத்திருந்த லோடுகளும் அதே எஞ்சினில் இருந்தன. நிறுத்தினால் அவையும் நிற்கும். நிறுத்தவில்லை.

கெடுவை ஐந்து நாளாக்கிப் புதிய பதிப்பை ஏற்றினோம். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஏற்கெனவே ஓடும் இன்ஸ்டன்ஸ்கள் எங்கள் எஞ்சினில் பழைய பதிப்பின்படியேதான் ஓடி முடியும். புதியது இனிமேல் வரும் வண்டிகளுக்கு மட்டும். படுதாவுக்கு அடியில் கிடந்த இன்னும் இருபது லோடுகளின் கெடு, அன்று இரவு வரை ஒவ்வொன்றாக முடிய இருந்தது.

எங்களில் ஒருவர் ஒரு குறுக்குவழி சொன்னார். ஆய்வகம் அனுப்புவது போலவே நாமே 17 என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டால் பிக் அமைதியாகிவிடும், திங்கட்கிழமை நிஜ அளவை எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். தொழில்நுட்பப்படி ஐந்து நிமிட வேலை. அரை மணி நேரம் விவாதித்து வேண்டாம் என்றோம். அந்த எண் கொள்முதல் நிறுவனத்திடம் தரச் சான்றாகப் போய் உட்காரும். பின்னால் ஒரு லாரி திரும்பி வந்தால், எடுக்காத மாதிரிக்கு அளவு எழுதியவர்கள் என்ற பெயர் விவசாயிக்கும் சேர்ந்து வரும்.

ஆகவே இருபதையும் கெடு முடிந்து விழ விட்டோம். கணக்காளர் ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டு, விழ விழ ஒவ்வொரு கடன் பதிவையும் கையால் நீக்கினார். களத்துக் கரும்பலகையில் பொறுப்பாளர் எழுதினார்: "செல்லுல வந்த கடன் மெசேஜ் தப்பு. யாரும் பணம் கட்ட வேண்டாம்." லாரிப் பதிவுகளை மறுபடி வாங்க கொள்முதல் நிறுவனத்தின் பொறியாளரிடம் தொலைபேசியில் பேசினோம், அவர் மறுக்காமல் செய்துகொடுத்தார்.

இதில் அந்த 37-ஐயும் எஞ்சின் பதிவில் எண் எண்ணாகத் தேடிக்கொண்டு வந்தபோதுதான், அவற்றுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை தேதியில் ஒரே அடையாளத்தோடு இரண்டு இன்ஸ்டன்ஸ் கண்ணில் பட்டன. ஆய்வக உதவியாளர் எதையும் மாற்றிவைக்கவில்லை.

"இதுல எங்க நெல் காயுது?"

மாசி பிறந்து அறுவடை தணிந்ததும், பிபெல் கோப்பை அச்செடுத்துக்கொண்டு களத்துக்குப் போனோம். தொள்ளாயிரம் வரிக்குப் பக்கம். பொறுப்பாளர் நாலைந்து தாளைப் புரட்டினார்.

"இதுல எங்க நெல் காயுது?"

எங்கேயும் காயவில்லை. "காயவைக்கவும்" என்று பதில் அனுப்புவதோடு செயல்முறை முடிந்துவிடுகிறது. களத்தில் வேலையே அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. நெல்லை விரித்து, காலால் கோடு போட்டுக் கிளறி, மறுபடி கூட்டி, மறுபடி மாதிரி எடுத்து, இன்னும் ஈரமென்றால் மறுபடி விரிப்பார்கள். இதுவரை அந்தச் சுற்று முழுவதையும் பொறுப்பாளர் நோட்டிலும் தொலைபேசியிலும் சமாளித்து, கடைசி அளவை மட்டும் ஆய்வகத்தைக் கொண்டு புதிய சீட்டில் அனுப்பச் செய்திருக்கிறார். எங்களுக்கு அது தெரியாது. அவருக்கும் எங்கள் கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டுக் கட்டம் கட்டமாக வரைந்தோம். அவர் பேனாவை வாங்கி, காயவைக்கும் கட்டத்திலிருந்து ஆய்வகக் கட்டத்துக்கு ஒரு அம்பைப் பின்னோக்கி இழுத்தார். "நாலு தடவகூட ஆகும் தம்பி." பிறகு ஓரத்தில் தனியாக ஒரு கட்டம்: "படுதா போட்டாச்சு". அது இருக்கும்வரை எந்தக் கெடுவும் ஓடக்கூடாது என்றார்.

அந்தப் பின்னோக்கிய அம்பில்தான் மொழி விஷயம் இருக்கிறது. டபிள்யூஎஸ்எஃப்எல் அம்புகளால் ஆன வலைப்பின்னல். எக்ஸ்லாங் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கட்டங்கள். இரண்டையும் சேர்த்ததால் பிபெலில் இரண்டு சாயலும் உண்டு. ஆனால் ஃப்ளோ என்ற வலைப்பின்னல் பகுதிக்குள் போடும் லிங்குகள், அதாவது அம்புகள், சுழலாகக் கூடாது என்பது விதி. திரும்பத் திரும்ப நடப்பதை வைல், ரிப்பீட்-அன்டில் போன்ற கட்டங்களுக்குள்தான் எழுதவேண்டும். எழுத முடியாது என்றில்லை, எழுதலாம். ஆனால் களத்தில் இருப்பவர் வரைந்த படம் அதில் அப்படியே தெரியாது. செயல்முறையைப் படமாகவே வரையும் பிபிஎம்என் 2.0-ல் அந்த அம்பு அம்பாகவே இருக்கும். 2011 ஜனவரியில் ஓஎம்ஜி என்ற தர அமைப்பு வெளியிட்ட அந்தப் பதிப்பில், படமே எஞ்சினில் ஓடவும் செய்யும்.

இன்னொரு குறை மனிதர். பிபெல் 2.0-ல் ஒரு மனிதர் பார்த்து முடிவெடுக்கும் வேலைக்கென்று தனியாக எதுவும் இல்லை. எல்லோரும் வெப் சர்வீஸ்தான். ஐபிஎம்மும் எஸ்ஏபியும் 2005-ல் பிபெல்ஃபார்பீப்பிள் என்று ஒரு நீட்சியை முன்வைத்தன. நாங்கள் வைத்திருந்த திறமூல எஞ்சினில் அது கிடையாது. எங்கள் செயல்முறையைப் பொறுத்தவரை பொறுப்பாளர் என்ற ஆளே இல்லை.

மாற்றிய வடிவம்

முழுவதையும் தூக்கி எறியவில்லை. கொள்முதல் நிறுவனத்தோடு பேசும் வெளிப்பக்கம் பிபெலிலேயே இருந்தது. அங்கே இரண்டு பக்கமும் கணினிதான், சுற்று எதுவும் இல்லை, அவர்களுக்கும் அது பழக்கம். களத்துக்குள் நடப்பதைத் தனியே பிரித்து, பிபிஎம்என் எஞ்சின் ஒன்றில் வைத்தோம். மாதிரி எடுப்பது, காயவைப்பது, படுதா போடுவது மூன்றும் பொறுப்பாளர் செல்பேசியில் வரும் பணிகளாயின. ஏற்பு முடிந்த பிறகே லாரி பதிவாகும். 48 மணி நேரக் கெடு அங்கிருந்துதான் தொடங்கும்.

அடையாளத்தை எடைச் சீட்டு எண்ணாக மாற்றினோம். ஒரு வண்டிக்கு ஒரு சீட்டு. மாதிரிப் பையிலும் அதே எண்.

முன்பணம் பற்றித்தான் நெடுநேரம் பேசினோம். ஏற்புக்குப் பிறகு கொடுத்தால் நிரலுக்குச் சுலபம். ஆனால் எடை போட்டதும் கையில் பணம் என்பதற்காகத்தான் உறுப்பினர்கள் வியாபாரியிடம் போகாமல் இங்கே வருகிறார்கள். அறுவடை மிஷினுக்கு அன்றைக்கே வாடகை கொடுக்கவேண்டும். ஆகவே முன்பணம் எடை மேடையிலேயே இருக்கட்டும், ஈடுசெய்யும் வளையத்துக்குள் மட்டும் அது வேண்டாம் என்று முடிவானது. கடைசிக் கணக்கில் கழித்துக்கொள்ளும் தனிப் பதிவாக வைத்தோம். குறுஞ்செய்திகளில் கடன் என்ற சொல்லே இல்லை. கணக்காளர் சொன்னபடி "முன்பணம்" மட்டும்.

எங்கள் குழுவின் இளையவர் இதற்கு உடன்படவில்லை. "ஒரு டேபிள், அதில் நிலை என்று ஒரு பத்தி, ராத்திரி ஓட ஒரு ஸ்கிரிப்ட். இதற்குப் போய் இரண்டு எஞ்சினா?" என்றார். அந்தக் களத்தின் அளவுக்கு அவர் சொன்னதே போதுமோ என்று இப்போதும் எனக்குத் தோன்றும். அன்றைக்கு நான் மறுத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: பொறுப்பாளர் பார்த்துத் திருத்தக்கூடிய ஒரு படம் கையில் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். டேபிளை அவரிடம் காட்டினால் மறுபடி தொள்ளாயிரம் வரியைக் காட்டிய கதைதான்.

அதன் பின்

குறுவையில் சிறிய அளவில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த சம்பாவுக்கு முழுதாக வைத்தோம். அந்தத் தையிலும் இரண்டு நாள் மழை வந்தது. "படுதா போட்டாச்சு" அழுத்தப்பட்டது, கெடு நின்றது, யாருக்கும் தப்பான செய்தி போகவில்லை.

வேறு சிக்கல்கள் வந்தன. பொறுப்பாளர் பகலில் செல்பேசியைத் தொடுவதே இல்லை; கையெல்லாம் உமியும் தூசியும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, இரவு ஏழு மணிக்கு மொத்தமாக ஏற்றினார். பதிவைப் பார்த்தால் ஊரிலுள்ள நெல்லெல்லாம் இரவு ஏழுக்குத்தான் காய்ந்தது போல இருக்கும். அவரை மாற்ற முயலவில்லை. "களத்தில் நடந்த நேரம்" என்று இன்னொரு பெட்டியைச் சேர்த்தோம்.

இரண்டு எஞ்சின் என்பதன் விலையையும் ஒரு இரவு கொடுத்தோம். பிபெல் பக்கம் மின்சாரம் போய் நின்றிருந்தபோது உள்பக்கம் அனுப்பிய ஏற்புச் செய்திகள் காற்றோடு போயின. மறுபடி அனுப்பும் ஏற்பாட்டை நாங்கள் வைக்கவில்லை. ஆறு லோடுகள் மறுநாள் நண்பகல் வரை லாரி இல்லாமல் நின்றன. பிற்பாடு இரண்டுக்கும் நடுவே, போய்ச்சேரும்வரை செய்தியை வைத்திருக்கும் ஒரு செய்தி வரிசையை வைத்தோம்.

சில ஆண்டுகள் கழித்துக் கொள்முதல் நிறுவனம் சோப்பை விட்டு ரெஸ்ட் என்ற இன்னொரு முறைக்கு மாறியது. அதோடு எங்கள் பிபெல் கோப்புக்கும் வேலை இல்லாமல் போயிற்று. 2007-க்குப் பிறகு அந்த மொழிக்கு அடுத்த பதிப்பும் வரவில்லை. களத்துப் படம் இன்னும் ஓடுகிறது, அம்புகள்தான் கூடியிருக்கின்றன.

இன்று செய்வதென்றால்

எக்ஸ்எம்எல் கோப்பைத் திறப்பதற்கு முன் அறுவடை நாளில் ஒரு வாரம் களத்தில் உட்கார்ந்திருப்பேன். மேலாளர் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் அவர் சொன்னது அலுவலகத்துக்கு வந்துசேரும் தாள்களின் வரிசை.

ஒவ்வொரு கெடுவுக்கும் பக்கத்தில், இது யாருடைய கடிகாரம் என்று எழுதிவைப்பேன். எங்களுடைய இரண்டு நாள் லாரிக்காரருடையது, நெல்லினுடையது அல்ல. ஈடுசெய்யும் பகுதிகளை, பணம் இருக்கும் இடத்தில் மட்டுமாவது, கணக்காளரைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதுவேன். சோதனையில் முதல் வேலையாக ஒரே உறுப்பினர் ஒரே நாளில் இரண்டு லோடு, முடிவுகள் முன்பின்னாக. இது பத்து நிமிடச் சோதனை. அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

ஆய்வக உதவியாளர் மாதிரியை மாற்றிவைத்தார் என்று செவ்வாய்க்கிழமை எழுதிய மின்னஞ்சலைத் திருத்தி இன்னொன்று அனுப்ப எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் மேலாளர் அவரை ஆய்வகத்திலிருந்து எடை மேடைக்கு மாற்றியிருந்தார். சித்திரையில்தான் திரும்ப ஆய்வகத்துக்கு வந்தார்.